எட்டு விரல் வணக்கம்

திக்பாய் என்ற ஊரின் பெயரை எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி வரும்: 'அஸ்ஸாமில் எண்ணெய் கிடைக்கும் இடம் திக்பாய்.' பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் இருந்தேன். சென்ற மாதம் அந்த ஊருக்கே போய் இறங்கும்படி நேர்ந்தது.

தின்சுகியா ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து மோட்டாரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். சாலையின் இரு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள். நீலகிரியில் மலைச்சரிவில் பார்த்துப் பழகிய தேயிலை, இங்கே பாய் விரித்தாற்போல் சமதரையில் படுத்துக் கிடக்கிறது. தோட்டம் முடிகிற இடத்தில் பசுமையான காடு. காட்டின் விளிம்பில் சிறு குன்றுகள். குன்றுகளின் மேல் பழைய காலத்து பங்களாக்கள். அந்த மண்ணுக்கு அடியில்தான் எண்ணெய்!

ஸ்டேஷனுக்கு வந்து என்னை அழைத்துப் போனவர், நமது பத்திரிகையின் நீண்டநாள் வாசகி. கும்பகோணத்துக்காரர். கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு முப்பது வருஷமாக இந்தப் பக்கத்தில் இருக்கிறார். "என் பெயரை மட்டும் போட்டீர்களானால் அடுத்த வாரத்திலிருந்து பத்திரிகையை நிறுத்திவிடுவேன்!" என்று பயமுறுத்தியிருக்கிறார். ஆகையால் மாமி என்றே சொல்கிறேன். மாமிக்கு அஸ்ஸாமிய மொழி தண்ணீர்பட்ட பாடு. அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

யானையின் காலில் எண்ணெய்

ஊர்ப்பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1880-களில் இந்தக் காட்டில் ரயில் பாதை போட்டுக் கொண்டிருந்தார்களாம். மரம் இழுக்கப் போன யானைகள் திரும்பி வந்தபோது, அவற்றின் கால்களில் கறுப்பாக எண்ணெய் பிசுபிசுத்ததாம். அதைக் கண்ட வெள்ளைக்கார என்ஜினீயர், "தோண்டு, பையா, தோண்டு!" என்று ஆங்கிலத்தில் கூவினாராம். 'டிக், பாய், டிக்' என்ற கூவலே திக்பாய் ஆயிற்றாம். கதை நிஜமோ பொய்யோ, கிணறு நிஜம். 1889-ல் இங்கே துளைக்கத் தொடங்கினார்கள். 1890-ல் 662 அடி ஆழத்தில் அந்தக் கிணறு முடிந்தது. 1901-ல் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையும் வந்துவிட்டது. அந்த ஆலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா? நம் வீட்டு மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தியைத் தேடுகிறோமே, அந்த மெழுகுக்கும் இந்த ஊர் பேர்போனது.

முதல் கிணறு இருந்த இடத்தில் இப்போது ஒரு பொருட்காட்சி சாலை. பழைய துளை இயந்திரங்களும் பம்புகளும் திறந்த வெளியில் நிற்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். நானும் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"இரும்பைப் பார்த்தாயிற்று. அந்த இரும்போடு மல்லுக்கட்டின மனுஷரையும் பார்க்க வேண்டாமா?" என்றார் மாமி.

பாக்குவெட்டியும் மூன்று விரலும்

மூங்கில் வேலி போட்ட சிறிய வீடு. வாசலில் பாக்கு மரங்கள். தாழ்வாரத்தில் ஒரு தறி. இந்தப் பக்கத்தில் தறி இல்லாத கிராமத்து வீடு அபூர்வம் என்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால், எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் வந்து இரு கரங்களையும் கூப்பினார்.

வணக்கத்தைத் திருப்பிச் செலுத்தக் கை எடுத்தவள், ஒரு விநாடி அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் இல்லை, நடுவிரலும் இல்லை. அடுத்திருந்த மோதிர விரலில் பொன் மோதிரம் ஒன்று பளிச்சென்று இருந்தது.

மாமி அவரைக் 'குரா' என்றும், அம்மாளைக் 'குரி' என்றும் அழைக்கிறார். சித்தப்பா, சித்தி என்று அர்த்தமாம். நானும் அப்படியே அழைத்தேன். குரி வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டு வந்து வைத்தார். பாக்குக்கு இங்கே 'தாமூல்' என்று பெயர். நம் தாம்பூலத்துக்கு நெருங்கிய உறவு! குரா பாக்குவெட்டியை எடுத்தார். இடது கையின் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பாக்கைப் பிடித்துக்கொண்டு, நறுக் நறுக்கென்று சீவினார். எனக்குத்தான் நெஞ்சு திக் திக்கென்று அடித்துக்கொண்டது. குரி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

"எந்தக் கிணறு, எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம். இங்கே நடந்ததல்ல, தூரத்தில் ஒரு வயல். அந்தக் கம்பெனி எனக்கு அதற்குப் பிறகும் சோறு போட்டது" என்று தொடங்கினார் குரா. எண்ணெய் எடுக்கும் இடத்தை அவர்கள் வயல் என்றே சொல்கிறார்கள். நம் ஊர் நெல்வயலைப் போல!

உங்களுக்கும் எனக்கும் புரியும்படி அந்த வேலையைச் சொல்லப் பார்க்கிறேன். பூமியைத் துளைக்கும் பல், நீளமான குழாயின் நுனியில் இருக்கும். ஒரு குழாய் சுமார் 30 அடி. எடை 250 கிலோவுக்குக் குறையாது. ஒன்றின் தலையில் இன்னொன்றைத் திருகித் திருகி, மறையுள்ள மூடியைப் போல் பூட்டிக்கொண்டே போக வேண்டும். கிணற்றின் ஆழம் 10,000 அடி என்றால், உள்ளே 330-க்கு மேற்பட்ட குழாய்கள் இருக்கும்.

துளைக்கும் பல் மழுங்கிவிட்டால் என்ன செய்வது? அத்தனை குழாயையும் வெளியே எடுத்தாக வேண்டும்! மும்மூன்றாகக் கழற்றிக் கோபுரத்தில் சாய்த்து வைத்து, புதுப் பல்லை மாட்டி, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டி இறக்க வேண்டும். கழற்றுவது 110 தடவை. பூட்டுவது 110 தடவை. மழை பெய்தாலும் நடுநிசியானாலும் வேலை நிற்காது. காலடியில் சேறும் எண்ணெயும் வழுக்கும். ஒவ்வொரு தடவையும் குழாயை இடுக்கியால் பிடிக்கும் ஆட்களின் கை, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே போய்ப் போய் வரும்.

ஆட்டுக்கல்லில் மாவு அரைத்திருக்கிறீர்களா? ஒரு கை குழவியைச் சுற்றும். இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். தாளம் தப்பாதவரை ஆபத்தில்லை. கதவைத் தட்டுகிறார்களே என்று ஒரு கணம் தலையைத் திருப்பினால், விரல் நசுங்கும். நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் குழவி 250 கிலோ எடையும், அதைச் சுற்றுவது இன்னொருவர் கையும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்த வேலை.

தூணில் சுற்றிய கயிறு

"சங்கிலியைப் பற்றிச் சொல்லுங்கள், குரா" என்றார் மாமி.

பெரியவர் பேசாமல் எழுந்து போய், மாடு கட்டும் கயிற்றைக் கொண்டு வந்தார். தாழ்வாரத்து மூங்கில் தூணில் இடுப்பு உயரத்துக்கு நாலைந்து சுற்றுச் சுற்றினார். ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். மறு நுனியைத் தம் இடது கையில் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினார். அவ்வளவுதான். கயிற்றின் சுற்றுகள் பாம்பு மரமேறுவதைப் போல் தூணின் மேலே ஏறிக்கொண்டன!

"இப்போது இழு" என்றார். இழுத்தேன். கயிறு இறுகிக்கொண்டு, தூணைச் சுற்றி ஓடியது.

கயிற்றின் இடத்தில் இரும்புச் சங்கிலி. தூணின் இடத்தில் குழாய். கீழ்க் குழாயின் மேல் சங்கிலியைச் சுற்றி வைத்திருப்பார்கள். மேல் குழாய் அதன் வாயில் வந்து உட்கார்ந்த க்ஷணத்தில் சங்கிலியை வீசி மேல் குழாயில் ஏற்ற வேண்டும். மறு நுனியை என்னைப் போல் ஒரு மனிதர் இழுப்பதில்லை. இயந்திரத்தின் உருளை இழுக்கும். சங்கிலி ஓட ஓட, மேல் குழாய் பம்பரம்போல் சுழன்று மறையில் இறங்கும். வால் நுனியை இறுகப் பிடித்திருப்பவர், சங்கிலி தீரும்வரை அதைத் தளராமல் விட்டுக்கொடுக்க வேண்டும். சங்கிலிக்கும் குழாய்க்கும் நடுவே விரல் அகப்பட்டால், இயந்திரத்துக்கு அது தெரியாது.

"நன்றாக வீசத் தெரிந்தவனுக்கு அந்த நாளில் தனி மரியாதை. நான் நன்றாக வீசுவேன்" என்றார் குரா. அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "விரல் குறைந்த பழைய ஆட்களைப் பார்த்து, 'இவன்தான் நிஜமான எண்ணெய்க்காரன்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். முட்டாள்தனம்!"

1978-ஆம் வருஷம், மழைக்காலம். பின்னிரவு மூன்று மணி. அன்று எழுபதோ எண்பதோ தடவை சங்கிலியை வீசியாகிவிட்டது. விடிவதற்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்று மேலிருந்து அவசரம். சேறு படிந்த கையுறை. சங்கிலியின் ஒரு கண்ணி கையுறையைக் கவ்வியது. "வலி அப்புறம்தான் வந்தது. முதலில் கையுறை போயிற்றே என்றுதான் நினைத்தேன்."

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கலியாணமாகி ஒரு வருஷம்.

குரி சொன்னது

இதுவரை பேசாமல் இருந்த குரி இப்போது வாயைத் திறந்தார்.

"இவர் டோல் வாசிப்பார். பிஹு வந்தால் மூன்று ஊரில் இவரைக் கூப்பிடுவார்கள்" என்றார். பிஹு என்பது அஸ்ஸாமியரின் புத்தாண்டுத் திருநாள். நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டித்தான் வரும். டோல் என்பது நம் தவில் ஜாதியைச் சேர்ந்தது. வலது கையில் குச்சி. இடது பக்கத்தை வெறும் கையால் தட்ட வேண்டும்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அதை எடுத்துப் பரண்மேல் வைத்தார். அப்புறம் நானும் இறக்கச் சொல்லவில்லை. சட்டைக்குப் பித்தான் நான் போட்டுவிடுவேன். ஆறு மாதத்தில் தாமே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். நான் தறியில் உட்கார்ந்தேன். இவர் நூல் சுற்றிக் கொடுத்தார். மூன்று விரலால் நூல் சுற்றுவதற்கும் ஒரு வித்தை இருக்கிறது, தெரியுமா?"

நஷ்ட ஈடு கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்த்திருந்தார்கள். கட்டைவிரல் போனால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் 20. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஏதாவது ஒரு கணக்கு இல்லாமல் தொழிலாளிக்குப் பணம் எப்படிக் கிடைக்கும்? ஆனால் அந்த அட்டவணையில் டோலுக்குக் கலம் கிடையாது. பித்தானுக்கும் கிடையாது.

"மோதிரம்?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போகிற நாளில் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். கலியாண மோதிரத்தைக் கழற்றலாமா என்று நான்கூட அழுதிருக்கிறேன்" என்றார் குரி.

குரா விளக்கினார். மோதிரம் ஓர் இரும்பு முனையில் மாட்டிக்கொண்டால், உறையை உரிப்பதுபோல் விரலின் தோலையும் சதையையும் உரித்துக்கொண்டு போய்விடுமாம். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய மிஸ்திரி சொன்ன முதல் பாடம் அது. அன்றிரவும் மோதிரம் குரியின் பெட்டியில் பத்திரமாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அதைத் திரும்பப் போட்டுக்கொண்டாராம்.

யாருடைய கவனக்குறைவு?

விடைபெறும் சமயத்தில் குரா சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். என் தப்புத்தானே?" என்றார். ஏறக்குறைய ஐம்பது வருஷமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டிருக்கிறார்!

நேயர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரே இரவில் நூறு தடவைக்கு மேல், வழுக்கும் தரையில், தூக்கக் கண்ணோடு செய்கிற காரியத்தில், ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது என்று மனிதனிடம் கேட்பது சரியா? நாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறோம். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. "பெண்களே, தலைப்பைக் கவனியுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்களா? இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பு வைக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே எழுதி வைத்தார்கள். கவனம் வேண்டியதுதான். ஆனால் கவனம் தூங்கும் நேரத்திலும் காப்பு விழித்துக்கொண்டிருக்கும்.

எண்ணெய்க் கிணறுகளிலும் பிற்பாடு இந்த ஞானம் வந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் ஓர் இயந்திரத்தைச் செய்தார்கள். அதுவே குழாயைப் பிடித்துச் சுழற்றி இறுக்கிப் பூட்டிவிடும். அங்கே இந்த வேலை செய்கிறவர்களுக்கு 'ரஃப்நெக்' என்று பட்டப்பெயர். முரட்டு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்கு 'இரும்பு ரஃப்நெக்' என்றே பெயர் வைத்தார்கள். அது நிற்கும் இடத்தில் சங்கிலிக்கு வேலை இல்லை. மனிதன் தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால் போதும். தொங்கும் சாமானைக் கையால் பிடித்து நிறுத்தாமல், நீளமான கோலால் தள்ளவும் இழுக்கவும் செய்கிறார்கள். இடுக்கிகளில் கை வைக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் பளிச்சென்று வர்ணம் அடித்து வைக்கிறார்கள். நம் நாட்டிலும் 1984-ல் எண்ணெய்ச் சுரங்கங்களுக்கென்று விதிமுறைகள் வந்தன. 2017-ல் அவற்றைப் புதிதாக எழுதினார்கள்.

ஆனாலும் விரல்களுக்கு முழு விடுதலை வந்துவிடவில்லை. எல்லா ரிக்குகளிலும் புது இயந்திரம் இல்லை. இன்றைக்கும் ரிக் வேலையில் அதிகமாகக் காயப்படும் உறுப்புகளில் கையும் விரலும்தான் முன்னால் நிற்கின்றன.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் காவிரிப் படுகையிலும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளின் ரிக்குகளுக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். உங்கள் மகனோ தம்பியோ அப்படிப் போகிறவனாக இருந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "குழாயைப் பூட்டுவது சங்கிலியா, இயந்திரமா? ராத்திரி வேலை எத்தனை மணி நேரம்? அபாயமாகத் தோன்றினால் வேலையை நிறுத்தச் சொல்ல உனக்கு உரிமை உண்டா?" என்றும் கேளுங்கள். மோதிரத்தை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். அழ வேண்டாம்!

இன்னும் இரண்டு விஷயம். கடவுள் காப்பாற்றட்டும், வீட்டிலோ பட்டறையிலோ யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டை வீசிவிடாதீர்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் அதைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக் கூடாது. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். 1965-ல் ஜப்பானில் முழுதும் அறுந்துபோன கட்டைவிரலை டாக்டர்கள் ஒட்டவைத்து வெற்றி கண்டார்கள். இன்று நம் நாட்டிலும் அது நடக்கிறது. இரண்டாவது விஷயம்: அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெயோ வர்ணமோ விரலில் பாய்ந்துவிட்டால், வெளியே ஊசி குத்தினாற்போல்தான் தெரியும். 'சின்னப் புண்தானே' என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே சதை அழுகி, விரலே போய்விடக்கூடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் மாமி மூலம் குராவிடம் சொன்னேன். சேலைக் காப்பைப் பற்றியும் சொன்னேன். "தப்பு உங்களுடையது மட்டுமல்ல, குரா. சங்கிலிக்கு ஒரு காப்பு இல்லை" என்றேன். அவர் வெகுநேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரியைப் பார்த்து ஏதோ சொன்னார். குரி சிரித்துவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று மாமியைக் கேட்டேன்.

"'இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால், அந்த டோலைப் பரணிலிருந்து இறக்கியிருப்பேன்' என்கிறார்."

குரி தம் கையால் நெய்த சிவப்புக் கரையிட்ட துண்டொன்றை என் தோளில் போட்டார். விருந்தாளிக்கு அதுதான் அங்கே மரியாதை. குரா மறுபடியும் கை கூப்பினார். இந்தத் தடவை நான் விரல்களை எண்ணவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மாமியிடமிருந்து செய்தி வந்தது. பரணிலிருந்து டோலை இறக்கித் தூசி தட்டியிருக்கிறார்களாம். தோல் கிழிந்து கிடக்கிறதாம். பிஹுவுக்குள் புதுத் தோல் போட வேண்டும் என்று குரி சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.